மிதித்தால் திணறும் வண்டி: பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"ஸ்டார்ட் ஆகுதுண்ணே, ஐடிலிங்கும் நல்லா நிக்குது, மிதிச்சா மட்டும் திணறிட்டுத்தான் போகுது." இப்படி ஒரு வண்டி உள்ளே வந்தால் புதுப் பிள்ளைகளின் கை உடனே பிளக் ஸ்பேனரைத் தேடுகிறது. பிளக், ஃபில்டர், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போய், ஐந்தாவது பொருளில் வண்டி சரியானால் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். முதல் நான்கு பொருளின் விலையும் வண்டிக்காரர் வீட்டுப் பணம். ஐடிஐ-யில் எம்எம்வி (மோட்டார் வண்டி மெக்கானிக்) முடித்துவிட்டு வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு, சேலத்துப் பட்டறையில் இந்த ஒரு வேலையைப் பற்றி நான் சொல்லிக்கொடுப்பவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: குறையைக் கண்ணால் பார்க்காமல், மீட்டரில் காணாமல், எந்தப் பொருளையும் கழற்றி எறியாதே.

1. பானட்டைத் திறக்கும் முன் வண்டிக்காரரிடம் கேள். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மிதித்த உடனேயா, மிதித்துப் பிடித்திருக்கும்போதா? ஏற்றத்தில் மட்டுமா? ஏசி போட்டால் கூடுகிறதா? டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகா? மழையில் நின்றதா? கடைசியாக யார் கை வைத்தார்கள், என்ன வேலை? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் வந்த வண்டியில் பெரும்பாலும் ஒரு ஹோஸ் மாட்டாமல் விடப்பட்டிருக்கும், அல்லது ஒரு கப்ளர் பாதி மட்டும் பூட்டியிருக்கும்.

2. அவரையே ஓட்டச் சொல்லி, நீ பக்கத்தில் உட்கார். அவர் கால் மிதிக்கும் விதத்தில்தான் அந்தக் குறை வெளிவரும். நீ ஓட்டினால் உன் பழக்கத்துக்கு ஓட்டுவாய், வராமலே போய்விடும். ஏற்றத்தில் வருகிறது என்றால் ஏற்றத்துக்கே கொண்டுபோ. நாங்கள் ஏற்காடு அடிவாரத்தில் முதல் சில வளைவுகள் வரை போய்த் திரும்புவோம். சமதளத்தில் காட்டாததை அந்த ரோடு காட்டிவிடும்.

ஓடும்போது திணறல் எந்த நொடியில் வருகிறது என்பதை மட்டும் கவனி. மிதித்த அந்தக் கணமே ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் அமுங்கிப் பிறகு எடுத்தால் அது ஒரு ஜாதி. த்ராட்டில் திறந்ததும் காற்று உடனே பாய்ந்து உள்ளே போய்விடும். அதற்கு ஈடாக அந்த நொடியில் கூடுதல் பெட்ரோல் விழ வேண்டும். இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம்முக்கு அந்தச் செய்தியைச் சொல்பவை த்ராட்டில் பொசிஷன் சென்சாரும் மேப் சென்சாரும். அவற்றில் ஒன்று பொய் சொன்னாலோ, கணக்கில் வராத காற்று எங்காவது நுழைந்தாலோ அந்தப் பள்ளம் வரும். முதலில் நன்றாக எடுத்து, பிடித்துக்கொண்டே போகும்போது மெல்ல மெல்லச் செத்துப்போனால், பெட்ரோல் வரத்து பற்றவில்லை அல்லது புகை வெளியேற வழியில்லை. பாரம் ஏறும்போது டக், டக் என்று குலுக்கினால் பிளக், காயில் பக்கம் போ. ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேக முள் ஏறவில்லை என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம், கிளட்ச்.

இந்த ஒரு டிரையலில் பாதி வேலை முடிந்துவிடும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பொருளை மாற்றிப் பார்க்கிறார்கள்.

3. காசு செலவில்லாதவற்றை முதலில் பார். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மேட்டுகள் ஆக்சிலரேட்டர் பெடலை முழுதாக இறங்கவிடாமல் தடுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை பெடலை அமுக்கச் சொல்லி, கேபிள் வண்டியாக இருந்தால் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் எலி துணியும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். அதே எலி பக்கத்திலிருக்கும் ஒயரையும் கடித்திருக்கும். டிரையல் முடிந்து வந்ததும் நான்கு வீல் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டு. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

4. ஸ்கேனரை நம்பு, ஆனால் அது சொல்வதை முழுதாகக் கேள். நம் நாட்டில் கார்களுக்கு 2010-இல் முதல் கட்டமாகவும் 2013-இல் அடுத்த கட்டமாகவும் ஓபிடி (வண்டி தன் குறையைத் தானே கண்டு பதியும் முறை) கட்டாயமானது. அதற்குப் பிந்திய வண்டியில் செக் லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனரைப் போடு. உள்ளே நினைவில் ஏதாவது நிற்கலாம்.

பி0171 என்ற கோடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அர்த்தம் இல்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அந்தச் சென்சார் உள்ளதைச் சொல்கிறது. சொன்னவனைத் தூக்கி எறிந்துவிட்டு விலைகொடுத்து இன்னொருவனை வாங்கி வைத்தால், அவனும் அதையேதான் சொல்வான். காற்று எங்கே நுழைகிறது, பெட்ரோல் எங்கே குறைகிறது என்பதை லைவ் டேட்டாவில் தேடு. ஃபியூல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட இசிஎம் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) ஐடிலிங்கில் கூடுதலாக, 20 சதவீதம் போல நின்று, ரேஸ் பண்ணும்போது குறைந்தால் வேக்வம் லீக். ஐடிலிங்கில் சரியாக இருந்து, பாரம் ஏற ஏற ட்ரிமும் ஏறினால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம். கூட்டியும் கழித்தும் 10 சதவீதத்துக்குள் ஊசலாடினால் அதை விட்டுவிட்டு வேறு இடம் பார்.

மேப் சென்சாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சாவி போட்டு, இன்ஜினை ஓட்டாமல் அளவைப் பார். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவில், சேலத்தில் 98 பக்கம், ஏற்காட்டு மேலே 85 பக்கம். ஓடவிட்டால், சூடேறிய நல்ல இன்ஜினில் ஐடிலிங்கில் 30-க்கும் 40-க்கும் நடுவில் இறங்கும். இறங்காமல் 55, 60 என்று நின்றால் லீக்கோ, டைமிங்கோ, வால்வோ பார்க்க வேண்டும்.

5. பிளக்கும் காயிலும். ஐடிலிங்கில் நன்றாக ஓடும் இன்ஜின் ஏற்றத்தில் மட்டும் ஏன் மிஸ் ஆகிறது என்று என்னிடம் கேட்காத பயிற்சிப் பிள்ளை இல்லை. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று அடைபடுகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய காற்றில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் கேப் தேய்ந்து விரிந்திருந்தாலோ, காயில் பலவீனமாக இருந்தாலோ அந்த நேரத்தில்தான் பொறி பிளக் முனையை விட்டு வேறு வழி தேடும்.

அந்த வழியைக் கண்ணால் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பார். பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழாக ஓடினால், பொறி அதன்மேல் வழிந்து உலோகத்துக்குப் போயிருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள் டார்ச் அடித்தால் அதே கோட்டின் ஜோடி அங்கேயும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டாப்பெட் கவர் பேக்கிங்கை முதலில் மாற்று.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்) வந்தால், இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டு. ஸ்கேனர் கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாமல் இரண்டிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டிகளில் பிளக் கேப் பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும்; அந்த வண்டியின் புத்தகம் சொல்வதையே வை. இரிடியம் பிளக்கின் முனையை நெம்பி கேப் வைக்காதே, உடைந்துவிடும்.

6. வேக்வம் லீக்கைக் காதால் தேடு. முக்கால் மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு பேக்கிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் என்று ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோ. சீறல் சத்தம் தனியாகக் கேட்கும். பெல்ட், ஃபேன் பக்கம் குழாயும் போகக் கூடாது, உன் சட்டைக் கையும் போகக் கூடாது. கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஸ்பிரே தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் அதையே எடு.

7. த்ராட்டில் சென்சாரை மீட்டரில் பார். சாவி போட்டு, இன்ஜினை நிறுத்தி, சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு பெடலை மிக மெதுவாக அமுக்கு. அரை வோல்ட் பக்கம் தொடங்கி நாலரை வோல்ட் வரை தடங்கலில்லாமல் ஏற வேண்டும். ஏறிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால், வண்டிக்காரர் சொல்கிற பள்ளம் அதுதான். உள்ளே கார்பன் தடம் உள்ள பழைய சென்சார்களில் இது பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும். ஊருக்குள் ஓடும் வண்டியின் த்ராட்டில் அந்தக் கொஞ்ச தூரத்திலேயேதான் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கிறது. முள் மீட்டர் இருந்தால் அதை எடுத்துக்கொள். டிஜிட்டலில் அந்த நொடி தவறிப்போகும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் கார்பன் துடைக்கும்போது சாவி போட்டபடி த்ராட்டில் தட்டை விரலால் தள்ளாதே. துடைத்த பிறகு ஸ்கேனரில் லேர்னிங் செய்து கொடு.

8. பெட்ரோல் பம்பை மாற்றும் முன் பம்புக்கு வரும் கரன்ட்டைப் பார். லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, வண்டிக்குரிய அளவு வருகிறதா என்று பார். பல எம்பிஎஃப்ஐ வண்டிகளில் அது 3 பார் அளவு. ஐடிலிங்கில் 3 காட்டிவிட்டு, பாரத்தில் இறங்கினால் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்படலாம். ஆனால் பம்ப் கப்ளரில், பம்ப் ஓடும்போது, வோல்டேஜ் எவ்வளவு? பேட்டரியில் 14 இருக்க, அங்கே 11 மட்டும் வந்தால் புதுப் பம்ப் போட்டாலும் அதே கதைதான். ரிலே, கப்ளர் பின், எர்த் போல்ட் துரு, இவற்றில் ஒன்று கரன்ட்டைத் தின்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் போல ஒருமுறை தண்ணீரில் நின்ற வண்டி எங்கே விற்கப்பட்டு யார் கைக்கு வந்தாலும், கப்ளரைப் பிரித்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கமுள்ளவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

9. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் வெப்பசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய வண்டியில் ட்ரிம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஏற்கெனவே தளர்ந்த பம்போ அடைத்த இன்ஜெக்டரோ இருந்தால் அது இப்போது வெளிப்படும். பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக்கொண்டு ஃபில்டருக்கு வரும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் டேங்கில் இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வை. அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

10. இன்ஜின் மவுண்டிங்கைப் பார்க்காமல் எந்த வண்டியையும் விடாதே. எங்களிடம் ஓர் ஆசிரியையின் பெட்ரோல் வண்டி வந்தது. வேறிடத்தில் பிளக், காயில், பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டு, பில்லை மடித்து டேஷ்போர்டில் வைத்திருந்தார் அந்த ஆசிரியை. முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது மட்டும் அறுத்து அறுத்து ஓடும். நிறுத்தி ரேஸ் பண்ணினால் ஒரு குறையும் இல்லை, ஸ்கேனரிலும் நிலையான கோடு எதுவும் இல்லை. ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் முழுதாகப் பிடித்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டபோது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. சாயும்போதெல்லாம் இன்ஜெக்டர் ஒயர் கட்டு இழுபட்டது. மேல் டேப்பைப் பிரித்ததும் ஒரு ஒயரின் உறை முழுசாக இருந்தது, ஆனால் விரலால் வளைத்தால் ஓரிடத்தில் மட்டும் நூல்போலத் துவண்டது. உள்ளே செம்பு அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒயரை ஒட்டி, மவுண்டிங் மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்த ஆசிரியை முன்பு கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்தச் சோதனையைச் செய்யும்போது ஒருவரும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்.

11. புகை போகும் வழி. மிஸ்ஸிங்கைக் கவனிக்காமல் பல மாதம் ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும். வேக்வம் கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வை. முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. கன்வெர்ட்டரைத் தட்டி உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டித் தரும் வேலையை யார் கேட்டாலும் செய்யாதே. அந்தப் புகை போவது நம் தெருவுக்கு. அடைத்த காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போடுவதும் வீண்.

12. டீசல் வண்டியில் முதல் சந்தேகம் டர்போ ஹோஸ். நின்றிருக்கும்போது அதன் கிழிசல் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஆனால் அடையாளம் விட்டுவைக்கும். டர்போ வழியே வரும் மெல்லிய ஆயில் ஆவி அங்கே கசிந்து, அதில் தூசி ஒட்டி ஈரக் கறுப்பாக இருக்கும். கிளிப்புக்கு அடியிலும் வளைவின் உட்புறத்திலும் நகத்தால் தடவிப் பார். மிதித்தால் கரும்புகை, கூடவே 'உஸ்' சத்தம், பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) என்றால் பெரும்பாலும் அங்கேதான். அதற்கடுத்து இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நிற்பது, டீசல் ஃபில்டரில் தண்ணீர், லைன் ஏர் எடுப்பது.

லாரி இன்ஜினில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது எங்கள் காலத்துப் பழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா போன்ற வண்டிகளில் ஓடிய 1.3 லிட்டர் ஃபியட் மல்டிஜெட்டில் ரெயில் அழுத்தம் 1600 பார் வரை போகும். ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைக் கையால் தடவித் தேடாதே, அட்டையைக் காட்டிப் பார். யாருக்காவது பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

2020 ஏப்ரலுக்குப் பிந்திய பிஎஸ் 6 டீசல் வண்டி என்றால் அவர் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று கேள். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று மட்டும் ஓடினால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

13. கார்ப்பரேட்டர் வண்டி வந்தால் முகம் சுளிக்காதே. பழைய மாருதி 800, அம்பாசடரை இன்னும் சிலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைத் திற. பெட்ரோல் நேர்த்தாரையாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ வராமல் போனாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது. டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்வம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றிக் கைப் பம்ப்பால் உறிஞ்சு. வேக்வம் நிற்காவிட்டால் அந்த டயஃப்ரமும் கிழிந்திருக்கிறது. இந்த வண்டிகளில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் கிடையாது.

14. டைமிங் செயின், வால்வ் கிளியரன்ஸ், கம்ப்ரஷன் எல்லாம் கடைசியில். எல்பிஜி, சிஎன்ஜி வண்டியில் மட்டும் கிளியரன்ஸைக் கொஞ்சம் முன்னதாகவே பார். சீட் தேய்ந்து வால்வு முழுதாக மூடாமல் நிற்கும்.

15. குறையே இல்லாத வண்டியும் வரும். சின்ன டீசல் இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருப்பது டர்போ இன்னும் வேகம் பிடிக்காததால். தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி கியர் மாறும்போது ஒரு நொடி விட்டுப் பிடிப்பது அதன் கட்டமைப்பு. பெட்ரோல் வண்டியிலிருந்தோ கையால் கியர் போடும் வண்டியிலிருந்தோ புதிதாக மாறியவர்களுக்கு இவை பெரிய குறையாகத் தெரியும். அதே மாடல் வேறு வண்டி பட்டறையில் இருந்தால் உடைமையாளரிடம் கேட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டு. காசு வாங்காமல் அனுப்பு. ஏதாவது செய்ததாகக் காட்டுவதற்காக ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனரை ஊற்றி பில் போடாதே.

16. வேலை முடிந்ததும் சாவியை வண்டிக்காரரிடமே கொடுத்து, முதலில் குறை வந்த அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே பாரத்தோடு அவரையே ஓட்டச் சொல். ஏசி போட்டால் வந்தது என்றால் ஏசியைப் போட்டு ஓட்டட்டும். சூடானால் வந்தது என்றால் சூடாகும் வரை காத்திரு, அவசரப்பட்டு டெலிவரி கொடுக்காதே. திரும்பி வந்ததும் கழற்றிய பொருளைக் கையில் கொடுத்து, பிளக்கின் கறுப்புக் கோட்டையோ ஹோஸின் கிழிசலையோ காட்டு. பிறகு நோட்டில் வண்டியின் மாடல், கிலோமீட்டர், அவர் சொன்ன குறை, டிரையலில் நீ பார்த்தது, மீட்டர் காட்டிய அளவு, கடைசியில் கிடைத்தது, எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வை. நல்ல வண்டியின் அளவுகளையும் எழுது. அடுத்த தடவை அதே மாடல் திணறிக்கொண்டு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.